அம்மாயியோட பச்சைக்கல்லும் எகிப்து நீலமணியும்

எங்க வீட்டு பீரோவுல ஒரு பழைய பெருங்காய டப்பா இருக்கு, அதுக்குள்ள 14 பச்சைக்கல்லு. கல்லுன்னு வாய் சொல்லுதே தவிர எல்லாம் கண்ணாடி தான், இலை மாதிரி ஒரு பக்கம் கூரா ஒரு பக்கம் வளைவா இருக்கும், வெளிச்சத்துல புடிச்சா மழை பேஞ்சு ஓஞ்ச தென்னந்தோப்பு மாதிரி ஒரு பச்சை. எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, அவங்க கழுத்துல கிடந்த பாலக்கா மாலையில இருந்தது. நாங்க பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம், கோரையாத்துக்கு இந்தாண்ட, வீட்டுல பேசறது தமிழு, பஸ் போர்டு மலையாளம், சந்தைக்கு போறது பொள்ளாச்சி, அதனால நகையிலயும் எங்களுக்கு ரெண்டு ஊரும் கலந்து தான் இருக்கும், அம்மாயி கழுத்துல கொங்கு நாட்டு தாலிக்கொடியும் கிடக்கும், அது மேல மலையாளத்து பாலக்கா மாலையும் கிடக்கும்.

அந்த மாலைய 2006-ல வித்தோம். அப்புச்சிக்கு, அம்மாவோட அப்பாவுக்கு, ஆஸ்பத்திரி செலவு. டவுன்ல ஒரு நகைக்கடைக்கு அம்மாவும் நானும் தான் எடுத்துட்டு போனோம். கவுன்டர்ல இருந்த பையன் ஒரு இடுக்கிய எடுத்து ஒவ்வொரு கல்லா நெம்பி எடுத்தான், கல்லுக்கு அடியில இருந்த அரக்கு பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, அதை ஊதித் தள்ளிட்டு தங்கத்த மட்டும் தராசுல வெச்சான். கல்லையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிரேயில ஒதுக்கிட்டு, "இது வெறும் கண்ணாடிம்மா, மதிப்பு ஒண்ணும் கிடையாது, போட்டரட்டுமா"ன்னு கேட்டான். அம்மா ஒண்ணும் பேசாம முந்தானைய விரிச்சு அதுல வாங்கிக்கிட்டா. பஸ்சுல வரும்போது முடிச்ச கையில புடிச்சுக்கிட்டே வந்தா, வீட்டுக்கு வந்து டப்பாவுல போட்டா, அவ்வளவு தான். கல்லு எடையக் கழிச்சு தான் காசு தர முடியும், அது வியாபாரம், எனக்கும் புரியுது. ஆனா மதிப்பு கிடையாதுங்கற அந்த வார்த்தை மட்டும் மனசுல தங்கிருச்சு, அப்பறம் நான் நர்ஸ் வேலைக்கு குவைத் போனப்ப அங்கயும் கூடவே வந்துச்சு.

2018 பிப்ரவரியில கூட வேலை பாத்தவங்க நாலு பேரோட கெய்ரோ போனேன். பிரமிடு, ஒட்டகம், நைல் நதியில போட் எல்லாம் ஆச்சு, கடைசி நாள் தஹ்ரீர் சதுக்கத்துல இருக்கற பழைய மியூசியம், 1902-ல தொறந்த ரோஸ் கலரு கட்டடம். அப்ப அங்க இருந்த துத்தன்காமன் ராசாவோட முகமூடியப் பாக்கத் தான் எல்லாரும் ஓடினாங்க, நாங்களும் ஓடினோம். 10 கிலோவுக்கு மேல தங்கம். அதுல தலைத்துணி மாதிரி மடிப்பு மடிப்பா நீலப்பட்டை போகுதே, அது என்ன கல்லுன்னு நான் கேட்டப்ப கைடு சொன்னாரு, அது கண்ணாடின்னு. கண்ணைச் சுத்தியும் புருவத்துலயும் தான் ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த லாபிஸ்ங்கற நீலக்கல்லு, பட்டையெல்லாம் நீலக்கண்ணாடி. எனக்கு ஒரு நிமிசம் மூச்சே நின்ன மாதிரி ஆச்சுங்க. உலகத்துலயே பேர் போன தங்க நகை, ராசாவோட மூஞ்சி மேல போட்டது, அதுல கண்ணாடிய வெச்சிருக்கான், அதுக்காக அதோட மதிப்பு கொறஞ்சதா யாரும் சொல்லல, இடுக்கிய எடுத்துட்டு யாரும் வரல.

அதுக்கப்பறம் நான் தங்கத்தயே பாக்கல. ஓரத்துல ஒரு கண்ணாடி அலமாரியில விரல் நுனி அளவுக்கு சின்னச்சின்ன பொம்மைங்க, நீலமும் பச்சையும் கலந்து, நூல் கோக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓட்டை. கண்ணு, வண்டு, தவளை, பூனை, நாக்க நீட்டிட்டு நிக்கற குள்ளன், வயிறு தள்ளி நிக்கற நீர்யானை. கூட வந்தவங்க வெளிய போயி டீ குடிச்சிட்டு போன் மேல போன் போட்டாங்க, நான் அங்கயே நின்னுட்டிருந்தேன்.

இதுக்கு இங்கிலீஷ்ல ஃபயான்ஸ்னு பேரு. அந்தப் பேரே தப்பு. இத்தாலியில ஃபயன்சான்னு ஒரு ஊரு, அங்க செய்யற பளபள மண்பாண்டத்துக்கு வந்த பேர, பாக்க ஒரே மாதிரி இருக்கேன்னு எகிப்து சாமானுக்கும் ஐரோப்பாக்காரங்க ஒட்டிட்டாங்க. எகிப்து சாமான்ல களிமண்ணே கிடையாது. வெள்ளைக்கல்ல, அதாவது குவார்ட்ஸ, நுணுக்கி பொடியாக்கி, இல்லன்னா மணல, அதுல கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் நேட்ரான்ங்கற உப்பு, இல்ல செடி எரிச்ச சாம்பல், அப்பறம் கலருக்கு செம்பு. அவ்வளவு தான் சரக்கு. அந்த நேட்ரான் கெய்ரோவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் நடுவுல வாதி நத்ருன்னு ஒரு பள்ளத்துல ஏரி காஞ்சா கிடைக்கும், மம்மி செய்யும்போது உடம்புல இருக்கற ஈரத்த உறிஞ்ச போட்டதும் இதே உப்பு தான்.

செய்யற முறை தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். தண்ணி விட்டுப் பிசைஞ்சா இது மண்ணு மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது, உதிரும், வெடிக்கும், அதனால அச்சுல வெச்சு அமுக்கி எடுக்கறது சுலபம். எடுத்து காய வெச்சா, உள்ள இருக்கற ஈரம் மேல வரும்போது உப்பையும் இழுத்துக்கிட்டு வரும், ஈரம் காத்துல போயிரும், உப்பு மட்டும் மேல வெள்ளையா பூத்து நிக்கும். நம்ம பழைய வீட்டு செவுத்துல கீழாப்புல உப்பு பூத்து சுண்ணாம்பு பொரிஞ்சு வருமில்ல, அதே சங்கதி. நமக்கு அது தொல்லை, அவங்க அதையே வேலையாக்கிட்டாங்க. அப்படியே சூளையில வெச்சா, 800-ல இருந்து 1000 டிகிரி சூட்டுல அந்தப் பூத்த உப்பு உருகி, மேல இருக்கற மணலோட சேர்ந்து கண்ணாடியா மாறி, செம்புனால நீலமாவோ பச்சையாவோ மின்னும். வெளிய யாரும் பூச வேண்டாம், தன் பளபளப்ப அதுவே உள்ள இருந்து கொண்டாந்துக்கும். வேற முறையும் உண்டு, மேல பூசி சுடறது ஒண்ணு, பளபளப்பு குடுக்கற பொடிக்குள்ள புதைச்சு சுடறது ஒண்ணு. இந்தப் புதைக்கற முறையில தான் ஈரான்ல கோம்ங்கற ஊருல கழுதை கழுத்துக்கு நீலமணி செஞ்சிட்டிருந்தாங்க, 1960-கள்ல ஒரு ஆராய்ச்சிக்காரர் நேர்ல பாத்து எழுதியிருக்காரு.

எகிப்துக்காரங்க இதுக்கு வெச்ச பேரு செஹெனெத், மின்னறதுன்னு அர்த்தம். டர்க்காய்ஸ்ங்கற நீலப்பச்சைக் கல்லு வாங்க வசதியில்லாதவன் இத போட்டுக்கிட்டான், அதனால இது போலின்னு சில பேரு எழுதறாங்க, எனக்கு அது சம்மதமே இல்ல. வசதியில்லாதவன் மட்டும் போட்டிருந்தா சரி, சக்காராவுல ஜோசர் ராசாவோட படிப்பிரமிடுக்கு அடியில, கிமு 2650 வாக்குல, பூமிக்குள்ள இருக்கற அறைங்களோட செவுத்துல 36,000-க்கு மேல நீல ஓடு பதிச்சாங்களே, அது எதுக்கு? கோரைப்பாய் தொங்கற மாதிரி வரிசை வரிசையா, ஒவ்வொரு ஓட்டுக்கும் பின்னாடி கயிறு கோக்க ஓட்டை வெச்சு. ராசாவுக்கு கல்லுக்கா பஞ்சம்? மின்னறதுக்கு அங்க ஒரு அர்த்தம் இருந்துச்சு. தங்கம் சாமியோட சதை, வெள்ளி எலும்பு, லாபிஸ் தலைமுடின்னு நெனச்சவங்க. பச்சைன்னா துளிர்க்கறது, வாடாம இருக்கறது, பச்சைக்கும் துளிர்க்கறதுக்கும் அவங்க பாஷையில ஒரே வார்த்தை, வாஜ். நம்ம ஊருலயும் பச்சைப்புள்ள, பச்சை உடம்புன்னு தானே சொல்றோம், அந்த மாதிரி. நிறமும் மின்னலும் சரியா இருந்தா அதுக்குள்ள சக்தி இருக்குன்னு நம்பினவங்க கிட்ட போய் இது அசலா போலியான்னு கேட்டா அந்தக் கேள்வியே அவங்களுக்கு விளங்காது.

நான் லேபர் வார்டுல பல வருசம் இருந்தவ. அதனால அந்த நீர்யானைய விட்டு என்னால நகர முடியல. தவெரெத்னு பேரு. வயிறு கர்ப்பிணி வயிறு, மார் தொங்கிப்போன அம்மா மார், காலு கையி சிங்கத்தோடது, முதுகு முதலையோடது. ஆத்தங்கரையில குட்டிய வெச்சிருக்கற நீர்யானை கிட்ட எவனும் போக முடியாது, அந்தக் கோவத்த தான் பிரசவத்துக்கு காவலா வெச்சாங்க. கூட நிக்கற குள்ளன் பேரு பெஸ், நாக்க நீட்டி, தலையில இறகு வெச்சு, கெட்டது எதுவும் தொட்டில் கிட்ட வராம ஆட்டம் போட்டு வெரட்டறவன். பிரசவத்துல சாவு எப்படி வரும்னு கண்ணால பாத்தவங்களுக்கு இந்த ரெண்டு மூஞ்சியும் ஏன் இவ்வளவு பயங்கரமா இருக்குன்னு யாரும் விளக்க வேண்டாம். ரத்தம் நிக்காம போற ராத்திரியில அழகான சாமி பத்தாது.

அதுல ஒரு விசயம் எனக்கு ரொம்பப் புடிக்கும். கிமு 1350 வாக்குல அக்கெனாதென்னு ஒரு ராசா, சூரிய வட்டம் ஒண்ணு தான் சாமி, மத்தது எதுவும் வேண்டாம்னு அமுன் சாமியோட பேர கோயில்ல இருந்து செதுக்கி எடுக்க வெச்சவரு. அவரு புதுசா கட்டின ஊரு அமர்னா. 1891-92-ல ஃபிளிண்டர்ஸ் பெட்ரிங்கற தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர் அங்க தோண்டினப்ப ஃபயான்ஸ் செய்யற களிமண் அச்சு ஆயிரக்கணக்குல கிடைச்சுது, மோதிரத்துக்கு, மணிக்கு, பூ இதழுக்கு, திராட்சைக்கொத்துக்கு. அந்த ஊரு வீடுங்கள்ல பெஸ்சும் இருக்கான், தவெரெத்தும் இருக்கா. ராசாவோட சொந்த ஊருலயே. கோயில்ல சாமி மாறலாம், புள்ள பெத்தவ புள்ளை கழுத்துல இருக்கறத கழட்ட மாட்டா. இத நான் படிச்சப்ப என்ஐசியூ, அதாவது பொறந்த குழந்தைங்களுக்கான ஐசியூ, அது வாசல்ல நிக்கற அம்மாமாருங்க தான் கண்ணுக்குள்ள வந்தாங்க.

ஏன்னா அங்க கயிறு, மணி எதுவும் குழந்தை மேல இருக்கக் கூடாது, கிருமி தொத்தும், அது சரியான ரூல், நானே ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன். குவைத்ல நீலமணி ஊக்குல குத்திக்கிட்டு வரும், எகிப்துல இருந்து வந்த சிஸ்டர் ஒருத்தி அத கர்ஸா சர்க்கான்னு சொல்லுவா, நீலமணின்னு தான் அர்த்தம், கண்ணு படாம இருக்க. நம்மூருல கருப்புக்கயிறு, வசம்பு வளையம், கருகமணி. கத்தரியால நறுக்கி எடுக்கும்போது அந்த அம்மா மூஞ்சிய பாத்திருக்கீங்களா? நான் எப்பவும் குப்பையில போட்டதில்ல, ஒரு கவர்ல போட்டு அம்மா பேர எழுதி டிஸ்சார்ஜ் அன்னைக்கு கையில குடுப்பேன். அந்தக் கவர வாங்கும்போது சில பேரு என் கையப் புடிச்சுக்குவாங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். எங்க பக்கம் குழந்தை பொறந்து 28-ஆம் நாளு அரைஞாண் கட்டுவோம், இருபத்தெட்டுன்னே பேரு, அதுல ஏலஸ் கோப்போம், பொள்ளாச்சி பக்கம் தாயத்துன்னு சொல்லுவாங்க, சின்னக் குழாய் மாதிரி இருக்கும், உள்ள மந்திரம் எழுதின தகடு சுருட்டி வெச்சிருக்கும். இதே சாமான் எகிப்துல இருந்துச்சுங்க. இன்னைக்கு 3,000 வருசத்துக்கு முன்னாடி வாக்குல, பாப்பிரஸ்ங்கற கோரைத்தாள்ல நீளவாட்டுல நாடா மாதிரி ஒரு சீட்டு, அதுல சாமி வாக்கு குடுக்கற மாதிரி எழுதியிருக்கும், இந்தக் குழந்தைய நான் பாம்புல இருந்து காப்பாத்துவேன், தேள்ல இருந்து காப்பாத்துவேன், சீக்குல இருந்து, பொல்லாத கண்ணுல இருந்து காப்பாத்துவேன்னு வரிசையா, குழந்தையோட பேரு சொல்லி. அத சுருட்டி குழாய்க்குள்ள போட்டு கழுத்துல தொங்க விட்டுருக்காங்க. அந்தச் சீட்டுங்க சிலது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. பாம்பு, தேளு, சீக்கு, கண்ணு. எங்கம்மா எங்க மாரியம்மன் கிட்ட வேண்டறதும் இதே நாலு தான், இதே வரிசையில தான்.

கண்ணுன்னதும் ஞாபகம் வருது, அங்க அதிகமா கிடைக்கற தாயத்துங்கள்ல ஒண்ணு ஹோரஸ்ங்கற சாமியோட கண்ணு. வெஜத்னு சொல்லுவாங்க, முழுசா இருக்கறது, சொகமா இருக்கறதுன்னு அர்த்தம். சண்டையில சேத்ங்கற சாமி அந்தக் கண்ணப் புடுங்கிடுவான், தோத்ங்கற இன்னொரு சாமி அத ஆத்தி திரும்ப முழுசாக்குவாரு. அதனால அது காயம் பட்டு ஆறின கண்ணு. உயிரோட இருக்கறவங்களும் போட்டாங்க, செத்தவங்க துணிச்சுத்துக்குள்ளயும் வெச்சாங்க. துத்தன்காமன் உடம்ப 1925-ல பிரிச்சப்ப துணிக்குள்ள நகையும் தாயத்துமா 143 உருப்படி இருந்துச்சாம். அம்மன் கோயில்ல வெள்ளித் தகட்டுல கண்மலர் வாங்கி உண்டியல்ல போடறோமே, எகிப்துல தேர் எல் பஹ்ரிங்கற இடத்துல ஹாத்தோர்ங்கற பெண் சாமியோட கோயிலுக்கு சாதாரண பொம்பளைங்க கொண்டாந்து வெச்ச காணிக்கையிலயும் நீல ஃபயான்ஸ்ல கண்ணும் காதும் பசுவும் கிடைச்சிருக்கு. ஹாத்தோருக்கு டர்க்காய்ஸ் நாயகின்னே பட்டம், சினாய் மலையில அவ கோயிலு சுரங்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, அந்தக் கல்லு வெட்டி எடுக்கற இடத்துக்கே ஆளுங்க ஃபயான்ஸ் வளையலும் மணியும் கொண்டு போயி அவளுக்கு வெச்சிருக்காங்க. கல்லு கிடைக்கற இடத்துலயே கண்ணாடிமணிய சாமி வாங்கிக்கிட்டா, அப்ப அதுக்கு என்ன விலைன்னு யாரு சொல்றது.

ஊருக்குத் திரும்பி வந்து இப்ப நாலு வருசம் ஆச்சு. போன மாசம் என் தங்கச்சி மகளுக்கு ஆம்பளப் புள்ள, வர்ற ஞாயித்துக்கிழமை இருபத்தெட்டு. ஏலஸ் ரெடிமேடா வாங்கிக்கலாம்னு மாப்ளை வீட்டுல சொன்னாங்க, நான் தான் வேண்டாம்னுட்டு டப்பாவ எடுத்துட்டு எங்கூரு ஆசாரி கிட்ட போனேன். அவருக்கு 70 தாண்டியாச்சு, இப்பெல்லாம் புது நகை யாரும் குடுக்கறதில்ல, கொலுசு பத்த வெக்கறது, தாலி கோக்கறது, மூக்குத்தி திருகு போடறது, அந்த வேலை தான். டப்பாவ தொறந்து காட்டினேன். ஒண்ணும் சொல்லாம ஒரு கல்ல எடுத்து வேட்டி நுனியில தொடச்சு ஜன்னல் வெளிச்சத்துல ரொம்ப நேரம் வெச்சுப் பாத்தாரு.

"உங்க அம்மாயி மாலையா இது, அம்மிணி?"

ஆமான்னேன்.

"இதுல பாதி எங்கய்யன் தேச்ச கல்லு. ஓரம் பாரு, எங்கய்யன் இந்தப் பக்கம் கொஞ்சம் சாச்சு தான் தேய்ப்பாரு."

எனக்கு பேச்சு வரல. அவரே சொன்னாரு, கண்ணாடிய நேரா நெருப்புல காட்டக் கூடாது, வெடிச்சிரும், மொதல்ல வெள்ளியில கூடு கட்டி பத்த வெச்சு முடிச்சிட்டு, அப்பறம் அடியில மெல்லிசா தகடு போட்டு, அரக்கு வெச்சு, கல்ல மேல உக்கார வெச்சு ஓரத்த மடக்கணும், தகடு நல்லா இருந்தா தான் கல்லுக்குள்ள வெளிச்சம் திரும்பி வரும்னு. கூலி எவ்வளவுன்னு கேட்டேன், கைய ஆட்டிட்டு, மந்திரத் தகடு நீ கோயில்ல எழுதி வாங்கிட்டு வந்துரு, கல்லுக்கு மேல புள்ளைக்கு உறுத்தாம பாத்துக்கறது என் பொறுப்புன்னாரு. நான் போன்ல இருந்த ஒரு போட்டோவ காட்டினேன், கெய்ரோவுல எடுத்தது, அந்த நீர்யானை அம்மா. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு பாத்தாரு. அச்சுல அமுக்கினதான்னு கேட்டாரு, ஆமான்னேன். உள்ள என்ன மண்ணுன்னாரு, மண்ணே இல்ல, கல்லுப்பொடி, சாம்பல், செம்புன்னேன். அப்பறம் அந்த உப்பு பூக்கற கதையச் சொன்னேன். திரும்பிப் பட்டறை செவுத்த ஒரு பார்வை பாத்தாரு, அங்க முழங்கால் ஒசரத்துக்கு வெள்ளையா பூத்திருந்துச்சு, விரலால தொட்டுத் தேச்சுப் பாத்தாரு.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. மீதி 13 கல்லு டப்பாவுல இருக்கு.